வைத்தியம் அரசாங்கத்தின் வேலையா?

“கவர்மெண்ட் ஆஸ்பத்திரியிலா பிரசவம்? ஏன், வேற இடமே கிடைக்கலையா?”

வீட்டில் ஒரு பெண் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும் உறவுக்காரர்கள் கேட்கிற கேள்விகளில் இது கட்டாயம் இருக்கும். வளைகாப்புக்குப் புடவை எடுப்பதற்கு முன்பே ‘எந்த நர்ஸிங் ஹோம்?’ என்ற பேச்சு ஆரம்பமாகிவிடுகிறது. அதே உறவுக்காரர்கள்தான் குழந்தை பிறந்த ஐந்தாம் நாள் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, “இதையெல்லாம் அரசாங்கமே எடுத்து நடத்தணும், இல்லாட்டி இந்தக் கொள்ளைக்கு முடிவே இல்லே” என்று அங்கலாய்க்கிறார்கள்.

சகோதரிகளே, இரண்டு பேச்சையும் நாமேதான் பேசுகிறோம். உண்மையில் நமக்கு என்னதான் வேண்டும்? வைத்தியத்தை அரசாங்கம் நடத்த வேண்டுமா, வேண்டாமா? நான் டாக்டர் இல்லை, பொருளாதாரம் படித்தவளும் இல்லை. பள்ளிப் படிப்போடு நின்று, இருபத்திரண்டு வருஷமாக ஒரு தாலுகா ஊரில் குடித்தனம் செய்கிறவள். இரண்டு பிள்ளைகளை வளர்த்ததிலும், மாமியாரின் சர்க்கரை வியாதியைக் கவனித்துக்கொள்வதிலும், மாதக் கடைசியில் மருந்துக்கடைச் சீட்டுகளைக் கூட்டிப் பார்ப்பதிலும் எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேனே: நடத்தத்தான் வேண்டும். பணம் கொடுத்தால் மட்டும் போதாது, இன்ஷூரன்ஸ் கார்டு கொடுத்தால் மட்டும் போதாது. ஆஸ்பத்திரியையே நடத்த வேண்டும்.

வராத வியாதிக்குப் பில் உண்டா?

சில வயதான பாட்டிமார்களின் முகத்தில் அம்மைத் தழும்பு பார்த்திருப்பீர்கள். இன்றைய குழந்தைகளுக்கு அது என்னவென்றே தெரியாது. பெரியம்மை நம் நாட்டில் கடைசியாகக் கண்டது 1975-ல். 1977-ல் பெரியம்மை இல்லாத நாடு என்று அறிவித்தார்கள். இளம்பிள்ளை வாதம் என்கிற போலியோவோ, 2011 ஜனவரியோடு நின்றது. 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழே கொடுத்துவிட்டது. போலியோவால் கால் சூம்பிப்போன பிள்ளை தெருவுக்கு ஒன்று என்று இருந்த காலத்தை நம் அம்மாக்கள் சொல்லக் கேட்டிருப்போம்.

இதை எந்தத் தனியார் ஆஸ்பத்திரி செய்திருக்கும், சொல்லுங்கள் பார்ப்போம். அவர்களைக் குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. அவர்களால் முடியாது, அவ்வளவுதான். வீடு வீடாகப் போக வேண்டும். பூட்டியிருந்தால் மறுநாளும் போக வேண்டும். பஸ் ஸ்டாண்டிலும் ரயில்வே ஸ்டேஷனிலும் மேஜை போட்டு உட்கார்ந்து, போகிற வருகிற பிள்ளைகளின் வாயில் இரண்டு சொட்டு விட வேண்டும். இத்தனையும் செய்து, கடைசியில் வியாதி வராமலே போய்விட்டால் யாரிடம் பில்லை நீட்டுவது?

இன்றைக்கும் புதன்கிழமை காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். கைக்குழந்தைகளோடு தாய்மார்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். காசநோய்க்கான பி.சி.ஜி., போலியோ, ஐந்து வியாதிகளைத் தடுக்கிற பென்டாவேலன்ட், வயிற்றுப்போக்குக்கு ரோட்டா, தட்டம்மை-ரூபெல்லா எல்லாம் இலவசம். பென்டாவேலன்ட் ஊசியை நாட்டிலேயே முதலில் கொண்டுவந்தவை தமிழ்நாடும் கேரளாவும்தான், 2011 டிசம்பரில். நிமோனியாவுக்கான நியூமோகாக்கல் ஊசி 2021-ல் சேர்ந்தது. இந்த ஊசி வெளியில் ஒரு டோஸே ஆயிரக்கணக்கில். “இலவச ஊசி மட்டம், காசு ஊசிதான் ஒசத்தி” என்று சில தாய்மார்கள் நினைப்பதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மருந்து அதேதான். குளிர்சாதனப் பெட்டியில் இத்தனை டிகிரியில் இருக்கிறதா என்று காலையும் மாலையும் பார்த்துக் குறித்து வைக்கிற பழக்கம் அங்கேயும் உண்டு.

ஊசியைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. கிராம சுகாதார நர்ஸம்மா. 5,000 ஜனங்களுக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியானால் 3,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. அந்த நர்ஸம்மாவின் நோட்டில் ஊரில் எந்த மருமகள் முழுகாமல் இருக்கிறாள், யாருக்கு ரத்தம் குறைச்சல், யாருக்கு முதல் பிரசவம் சிசேரியன் என்பதெல்லாம் இருக்கும். எடை பார்த்து, பிரஷர் பார்த்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, “கால் வீங்கியிருக்கே, தலைவலி இருக்கா?” என்று கேட்டு, சந்தேகம் வந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவாள். பிரசவத்தில் தாய் சாவதற்கு முக்கியக் காரணங்கள் உதிரப்போக்கும், கர்ப்பகால ரத்தக் கொதிப்பும், கிருமித் தொற்றும்தான். மூன்றையும் முன்கூட்டியே கவனித்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

கணக்கைப் பாருங்கள். 2001-03-ல் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் குழந்தை பிறந்தால் 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20-ல் அது 54. இந்தியா முழுவதும் சேர்த்துப் பார்த்தால் 301-லிருந்து 97-க்கு வந்திருக்கிறது. 54 என்பதும் சின்ன எண் இல்லை; ஒவ்வொன்றும் ஒரு வீட்டில் அம்மா இல்லாத கைக்குழந்தை. ஆனால் இந்த இறக்கம் தானாக வந்துவிடவில்லை. 1990-களின் தொடக்கத்தில் நம் மாநிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பிரசவம் வீட்டில்தான் நடந்தது. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 99.6 பிரசவம் ஆஸ்பத்திரியில், அதிலும் மூன்றில் இரண்டு பங்கு அரசு ஆஸ்பத்திரியில். பெண்கள் படித்ததும், ரோடு வந்ததும், 2008-ல் 108 வண்டி ஓட ஆரம்பித்ததும் இதில் சேர்த்தி. பிரசவத்துக்கு உதவித் தொகை கொடுத்ததும்தான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் உள்ள அந்தத் தொகை 2006-ல் 6,000 ரூபாய், 2011-ல் 12,000, 2018-ல் ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ஆனது. ஆனால் கதவு திறந்திருக்கிற ஒரு ஆஸ்பத்திரியும், ராத்திரி இரண்டு மணிக்கு விழித்திருக்கிற ஒரு நர்ஸும் இல்லாவிட்டால் வண்டி யாரை எங்கே கொண்டுபோய் விடும்?

விலை கேட்க முடியாத கடை

“பிரைவேட்லே போட்டி இருக்கு, அதனாலே தரமும் இருக்கும், விலையும் குறையும்” என்று வீட்டுக்காரர் சொல்கிறார். புடவைக்கும் மிக்ஸிக்கும் அது சரி. நான்கு கடை ஏறி இறங்குவோம். “இந்த விலைக்கு எதிர்க்கடையிலே தர்றான்” என்போம். பிடிக்காவிட்டால் எழுந்து வந்துவிடுவோம். தெருவில் கீரை வாங்கும்போதுகூட ஒரு கட்டைப் பிரித்துப் பார்க்காமல் விடுவதில்லை.

நெஞ்சுவலி வந்த மனுஷனைக் காரில் வைத்துக்கொண்டு நான்கு ஆஸ்பத்திரியில் விலை கேட்க முடியுமா? இடுப்புவலியில் துடிக்கிற பெண்ணிடம், “வெளியே இருக்கற ஸ்கேன் சென்டரிலே மலிவா, இரும்மா, கேட்டுட்டு வரேன்” என்று சொல்ல முடியுமா? இன்னொன்று, நமக்கு என்ன தேவை என்பதைச் சொல்கிறவரும் அதற்கு விலை போடுகிறவரும் ஒருவரேதான். தையற்காரர் ‘இரண்டு மீட்டர் துணி போதாது’ என்றால் நமக்குத் தெரியும், போதுமா போதாதா என்று. ‘எம்.ஆர்.ஐ. எடுக்கணும்’ என்றால் நமக்கு என்ன தெரியும்? தலையை ஆட்டுவோம்.

என் ஓரகத்தி மகளின் பிரசவத்தை ஓர் ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பார்த்தோம். பெயர் வேண்டாம். ஒன்பது மாதமும் எல்லாம் நார்மல் என்றார்கள். அட்மிஷன் போட்டு ஏழு மணி நேரம் கழித்து, “குழந்தைக்கு மூச்சு முட்டலாம், உடனே முடிவு சொல்லுங்க” என்று ஒரு காகிதத்தை நீட்டினார்கள். எந்தத் தாய் ‘வேண்டாம்’ என்பாள்? கையெழுத்துப் போட்டாள். ஆபரேஷன் நடந்தது. குழந்தை நல்லபடியாக இருக்கிறது, கடவுள் புண்ணியம். அந்த ஆபரேஷன் தேவைப்பட்டதா, தேவைப்படவில்லையா என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. நான் அந்த டாக்டரம்மா மீது பழி போடவில்லை. உண்மையாகவே அவசரமாக இருந்திருக்கலாம். ஆனால் பில் தொகை இரண்டு மடங்கு ஆகிறபோது மனத்தில் ஒரு முள் தைக்கிறது பாருங்கள், அதை எடுக்கவே முடிவதில்லை.

மேலே சொன்ன அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு எண்கள் இவை: தனியார் ஆஸ்பத்திரிகளில் நூற்றுக்கு 63.8 பிரசவம் சிசேரியன். அரசு ஆஸ்பத்திரிகளில் 36. சிக்கலான கேஸ்களெல்லாம் கடைசி நேரத்தில் அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் தள்ளப்படுகின்றன. அப்படிப் பார்த்தால் அங்கேதான் ஆபரேஷன் அதிகம் இருக்க வேண்டும். இருக்கிறது நேர்மாறாக. ‘நூற்றுக்கு 10 முதல் 15 வரை போதும்’ என்று உலக சுகாதார நிறுவனம் 1985-லேயே சொன்னது. அந்த அளவுகோலை வைத்தால் 36-ம் அதிகம்தான். அகில இந்திய அளவில் அரசு ஆஸ்பத்திரிகளில் 14.3-தான். ஆகவே நம் ஊர் அரசு டாக்டர்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நல்ல நாள் பார்த்து, நட்சத்திரம் பார்த்து ‘அன்னிக்கே எடுத்துடுங்க’ என்று கேட்கிற நாமும்தான்.

கார்டு இருக்கே, அப்புறம் என்ன?

“அரசாங்கம் ஆஸ்பத்திரி நடத்த வேண்டாம், எல்லோருக்கும் இன்ஷூரன்ஸ் கட்டிவிட்டால் போதும். ஜனங்கள் இஷ்டப்பட்ட இடத்துக்குப் போகட்டும்” என்று சிலர் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நம் மாநிலத்தில் 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012-லிருந்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் 2018-ல் வந்து இதோடு சேர்ந்துகொண்டது. குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. இதயத்தில் ஓட்டை உள்ள குழந்தைக்கும், காது கேளாத குழந்தைக்குக் காக்ளியர் கருவி வைப்பதற்கும், புற்றுநோய்க்கும் இந்தக் கார்டால் எத்தனையோ குடும்பங்கள் பிழைத்தன. இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகும்.

ஆனால் நம் வீட்டுக் கணக்கு நோட்டைத் திறந்து பாருங்கள். பணம் எங்கே போகிறது? ஆபரேஷன் என்பது ஆயுளில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ. மாதாமாதம் போவது சர்க்கரை மாத்திரைக்கு, பிரஷர் மாத்திரைக்கு, தைராய்டுக்கு, குழந்தையின் சளி காய்ச்சலுக்கு, டாக்டர் ஃபீஸுக்கு, ரத்தப் பரிசோதனைக்கு. என் மாமியாருக்கு மட்டும் மாதம் ஏறக்குறைய 1,900 ரூபாய் ஆகிக்கொண்டிருந்தது. கார்டு படுக்கையில் சேர்ந்தவர்களுக்குத்தான். இந்தச் சில்லறைச் செலவுக்கு வராது. சில்லறை என்று சொல்லிவிட்டேனே தவிர, குடும்பத்தை அரிப்பது இதுதான். சர்க்கரைக்கு மாத்திரை வாங்கக் காசில்லாமல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுகிறவள்தான் பத்து வருஷம் கழித்துக் கிட்னி போய் அதே கார்டைத் தூக்கிக்கொண்டு டயாலிசிஸுக்கு வந்து நிற்கிறாள். முன்னாலேயே கொடுத்திருந்தால் எவ்வளவு மிச்சம்!

அதைக் கொடுக்கிற வேலையை எந்தக் காப்பீட்டுக் கம்பெனியும் செய்யாது. ஆரம்ப சுகாதார நிலையம் செய்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ஆரம்பித்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற திட்டத்தில் அந்தந்த ஊர்ப் பெண்களையே தன்னார்வலர்களாக எடுத்து, வீட்டுக்கு வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்கவும், புண்ணைக் கவனிக்கவும் ஆள் வருகிறது. 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதுகூடக் கிடைத்தது. என் மாமியார் முதலில், “வீடு தேடி வர்ற மாத்திரை நல்லதா இருக்குமா?” என்று சந்தேகப்பட்டார். மூன்று மாதம் சாப்பிட்டு ரத்தப் பரிசோதனை எடுத்தோம். சர்க்கரை முன்பு இருந்த அளவிலேயேதான் இருந்தது. அந்த 1,900 இப்போது சின்னவனின் டியூஷனுக்குப் போகிறது.

இவ்வளவு மருந்தை எப்படி இலவசமாகக் கொடுக்க முடிகிறது என்று எனக்கு வெகுநாளாக ஒரு கேள்வி. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். அதற்கு முன்பு ஆஸ்பத்திரிகளில் சீட்டு எழுதி, “வெளியே வாங்கிட்டு வாங்க” என்று அனுப்புவது சர்வ சாதாரணமாம். கழகம் வந்த பிறகு மாநிலம் முழுவதற்கும் ஒரே இடத்தில் டெண்டர். கம்பெனிப் பெயருக்காக இல்லாமல், மருந்தின் மூலப் பெயரில் மொத்தமாக வாங்குகிறார்கள். கல்யாணத்துக்குச் சாமான் வாங்குகிற மாதிரிதான், மொத்தத்தில் எடுத்தால் விலை எங்கேயோ இறங்கிவிடும். வந்த ஒவ்வொரு பேட்சிலும் கொஞ்சம் எடுத்து, எந்தக் கம்பெனி என்று தெரியாதபடி பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள். தேறினால்தான் மாவட்டக் கிடங்கிலிருந்து வெளியே போகும். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ரேஷன் கார்டு மாதிரி ஒரு பாஸ்புத்தகம். அதில் உள்ள தொகைக்குத் தேவையான மருந்தை எடுத்துக்கொள்ளலாம். கேரளாவும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத் தாங்களும் இப்படிக் கழகம் வைத்துக்கொண்டன. அரசாங்கம் ஆஸ்பத்திரியை நடத்துவதால்தான் இப்படி மொத்தமாக வாங்க முடிகிறது. கார்டை மட்டும் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கியிருந்தால், ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் அதனதன் விலையைத்தான் போடும்; பணம் கட்டுவது மட்டும் அரசாங்கத்தின் வேலையாகிவிடும். அது நம் வரிப்பணம்தானே?

நாடு முழுவதும் வைத்தியத்துக்குச் செலவாகிற ஒவ்வொரு 100 ரூபாயிலும், 2013-14-ல் 64 ரூபாய் குடும்பங்களின் கைக்காசு. 2021-22-ல் அது 39. குறைந்திருக்கிறது, ஆனாலும் 39 ரூபாய் சாமானியம் இல்லை. தாலியை அடகு வைத்தது, நிலத்தை எழுதிக் கொடுத்தது எல்லாம் அந்த 39-க்குள்தான் இருக்கிறது. சுகாதாரத்துக்கு நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு இரண்டரை பங்கை 2025-க்குள் அரசாங்கம் செலவழிக்க வேண்டும் என்று 2017-ல் கொள்கை எழுதினார்கள். 2021-22-ல் 1.84-தான் எட்டியது.

மூக்கைப் பிடித்துக்கொண்டு போகிற இடம்

இதுவரை படித்துவிட்டு, “நீங்க ஒரு நாள் அந்த வார்டிலே படுத்துப் பாருங்க, அப்புறம் எழுதுங்க” என்று யாராவது கோபப்படலாம். நியாயம்தான்.

கூட்டம் தாங்காது. ஓ.பி.யில் மூன்று மணி நேரம் நின்றால் டாக்டர் முகத்தைப் பார்ப்பது இரண்டு நிமிஷம். சில நர்ஸ்களின் வாய் இருக்கிறதே, பிரசவ வலியில் கத்துகிற பெண்ணைப் பார்த்து அவர்கள் சொல்வதை இங்கே எழுத முடியாது. எங்கள் எதிர்வீட்டு அக்காவின் மகளுக்கு ஓர் அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம். டாக்டர்கள் தங்கமாகப் பார்த்தார்கள். ஆனால் குழந்தையைக் கொண்டுவந்து காட்டுவதற்கு ஒரு கட்டணம். ஆண் குழந்தை என்றால் கூடுதல், பெண் என்றால் குறைச்சல். ஸ்ட்ரெச்சர் தள்ளுவதற்கு ஒரு கட்டணம். இலவச ஆஸ்பத்திரியில் கைமாறுகிற இந்தக் காசு எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது. பெண் பிறந்தது என்பதற்காக 200 ரூபாய் தள்ளுபடி கொடுக்கிறார்களே, அதை நினைத்தால் ரத்தம் கொதிக்கிறது.

அரசாங்கம் நடத்தினால் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதும் உண்மை. 1948 ஜூலை 5-லிருந்து எல்லோருக்கும் இலவச வைத்தியம் தருகிற பிரிட்டனிலேயே, இங்கிலாந்துப் பகுதியில் மட்டும் 2023-ல் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட சிகிச்சைகள் காத்திருப்போர் பட்டியலில் இருந்தன. முட்டி ஆபரேஷனுக்கு மாதக்கணக்கில் நொண்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அதற்காக அந்த ஜனங்கள் ‘எங்களுக்கு இது வேண்டாம், மூடிவிடுங்கள்’ என்று சொல்லவில்லை. ‘இன்னும் பணம் போட்டு ஒழுங்காக நடத்துங்கள்’ என்றுதான் கேட்கிறார்கள். காத்திருப்பது கஷ்டம்; காசில்லாமல் திரும்பிப் போவது அதைவிடக் கஷ்டம்.

அரசாங்கம் இல்லாமலும் நல்லது நடக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே அத்தாட்சிகள் இருக்கின்றன. 1900-ல் வேலூரில் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்ததுதான் இன்றைய சி.எம்.சி. 1954-ல் முத்துலட்சுமி ரெட்டி அடையாற்றில் புற்றுநோய் நிலையம் தொடங்கினார். 1976-ல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில், காசு கொடுக்கிறவர்களின் பணத்தில் காசில்லாதவர்களுக்கும் ஆபரேஷன் நடக்கிறது. இப்படிப்பட்டவர்கள் நடத்தட்டும், நன்றாக நடத்தட்டும். தனியார் ஆஸ்பத்திரியே கூடாது என்பது என் கட்சி இல்லை. ஆனால் ஐடா ஸ்கடரும் வெங்கடசாமியும் ஊருக்கு ஒருவர் பிறப்பதில்லை. பிறக்காத ஊரில் உள்ளவர்கள் என்ன செய்வது? கொல்லிமலையிலும் ஜவ்வாதுமலையிலும் கிளினிக் போட்டு யாருக்கு லாபம்? 1946-லேயே போர் கமிட்டி என்ற குழு, ‘பணம் கொடுக்க முடியாத காரணத்தால் ஒருவருக்கும் வைத்தியம் கிடைக்காமல் போகக் கூடாது’ என்ற கருத்தை எழுதிவைத்துவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையம் என்பதே அந்தக் குழு சொன்ன யோசனைதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஓர் அரசு ஆஸ்பத்திரி ஒழுங்காக நடந்தால், தனியார் ஆஸ்பத்திரியின் ரேட்டும் ஒரு கட்டுக்குள் நிற்கும். ரேஷன் கடையில் அரிசி போடுகிற வாரம் மளிகைக் கடைக்காரர் கொஞ்சம் இறங்கிப் பேசுவார், பார்த்ததில்லையா? அந்த மாதிரி.

கேட்க ஆள் வேண்டும்

அரசு ஆஸ்பத்திரி ஏன் அழுக்காக இருக்கிறது? எனக்குத் தெரிந்த காரணம், அங்கே போகிறவர்களில் பெரும்பாலோர் வாய் திறக்கப் பயப்படுகிறவர்கள். கூலிக்குப் போகிற பெண் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருப்பாள். ஆயா காசு கேட்டால் முந்தானை முடிச்சை அவிழ்ப்பாளே தவிர, “எதுக்கு?” என்று கேட்க மாட்டாள். கேட்கத் தெரிந்தவர்கள், எழுதத் தெரிந்தவர்கள், சூப்பிரண்டெண்டு அறைக்குள் நுழையத் தயங்காதவர்கள் எல்லாம் பிரைவேட்டுக்குப் போய்விட்டோம். பள்ளிக்கூடத்துக்கு நடந்தது போலவே ஆஸ்பத்திரிக்கும் நடந்துவிட்டது.

அதனால் இளம் தாய்மார்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். பிரசவத்தை எங்கே வைத்துக்கொள்வது என்பது உங்கள் இஷ்டம். ஆனால் நாள் தள்ளிப்போனதுமே, பன்னிரண்டு வாரத்துக்குள், உங்கள் பகுதி நர்ஸம்மாவிடம் பதிந்து பிக்மி எண் வாங்கிவிடுங்கள். பிரைவேட்டில் பார்க்கிறவர்களுக்கும் இது வேண்டும். பிறப்புச் சான்றிதழுக்கே அந்த எண்ணைக் கேட்கிறார்கள். குழந்தையின் ஊசிக்கு ஒரு புதன்கிழமை நேரில் போய்ப் பாருங்கள். வீட்டில் பெரியவர்களுக்குச் சர்க்கரை, பிரஷர் இருந்தால் அங்கே பெயரைப் பதிந்து வையுங்கள். யாராவது காசு கேட்டாலோ, டாக்டர் இல்லாவிட்டாலோ, மருந்து இல்லை என்றாலோ 104-க்கு போன் செய்து சொல்லலாம். ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரிக்கும் நோயாளர் நலச் சங்கம் என்று ஒன்று உண்டு. அதன் பேரில் மனு எழுதிக் கொடுக்கலாம். நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

எங்கள் தெருவில் நாங்கள் ஐந்து பெண்கள் சேர்ந்து, எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு கழிப்பறையைப் பற்றி ஒரு மனு கொடுத்தோம். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, விளக்கு இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. தையல் போட்ட பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு, வெளியே ஒருத்தியைக் காவல் நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தோம். தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். விளக்கும் எரிந்தது. குழாயில் தண்ணீர் மட்டும் வரவில்லை. போன வாரம் இரண்டாவது மனு கொடுத்திருக்கிறோம். இந்தத் தடவை பதினாறு கையெழுத்து.